வாய் பேசாத காவல்காரன்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் படிப்பதற்கான உரை)



இன்றைய பேச்சு நாயைப் பற்றியது. நாய் இல்லாத தெரு உண்டா? திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் போங்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். கரமனையில் வீட்டுத் திண்ணையில் ஒன்று இருக்கும். சங்குமுகம் மணலில் நான்கைந்து ஓடும். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மீன் இறங்கும் இடத்தில் கூட்டமாக நிற்கும்.

நாய் இரவெல்லாம் விழித்து வீட்டைக் காக்கிறது. அது கேட்பது ஒரு பிடி சோறு. அதற்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்யும்? தலை வலிக்கிறது என்று சொல்லாது. வயிறு எரிகிறது என்று சொல்லாது. ஒரு மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அது ஓர் உயிர். நம்மை நம்பி வாழ்கிறது. இரண்டாவது, நாய்க்கு வரும் சில நோய்கள் மனிதருக்கும் வரும். முக்கியமாகக் குழந்தைகளுக்கு வரும். அதனால் நாய்க்குச் செய்யும் தடுப்பு, வீட்டுக்கே செய்யும் தடுப்பு ஆகும். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

தினமும் ஐந்து நிமிடம்

நாய் வளர்ப்பவர் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். சோறு வைக்கும் நேரத்தில் பார்க்கலாம்.

முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். நேற்றுப் பாய்ந்து தின்ற நாய் இன்று முகர்ந்துவிட்டுத் திரும்புகிறதா? அது முதல் அடையாளம்.

கண்ணைப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும். பீளை தள்ளினால் கவனிக்க வேண்டும். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தால் ஈரல் கெட்டிருக்கலாம்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளுத்துப் போயிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ்க்கண் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே பழையபடி படிய வேண்டும். மெல்ல மெல்லப் படிந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது.

மலத்தையும் மூத்திரத்தையும் பாருங்கள். இரத்தம், புழு, காப்பி நிறம் ஏதாவது உண்டா?

நாயின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடானது. நமக்கு 98.6 டிகிரி இயல்பு. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு. அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யக் கூடாது. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று சிலர் சொல்வார்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், நடுங்கிக்கொண்டு இருந்தால் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டாக்டர் ஆசனவாயில் கருவி வைத்துச் சூட்டை அளப்பார்.

சின்ன உண்ணி, பெரிய கேடு

உண்ணி இல்லாத நாயைப் பார்ப்பது கடினம். அதனால் உண்ணியை யாரும் நோயாக நினைப்பதில்லை. ஆனால் உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. ஒரு நாயின் இரத்தத்தில் உள்ள கிருமியை இன்னொரு நாய்க்குக் கொண்டு போகிறது. அந்தக் கிருமி இரத்த அணுக்களை உடைக்கும். காய்ச்சல் வரும். ஈறு வெளுக்கும். மூத்திரம் சிவப்பாகவோ காப்பி நிறமாகவோ போகும். மூக்கில் இரத்தம் வடியலாம். இந்த அடையாளம் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரத்தத்தைச் சோதித்து ஊசி போட்டால் பிழைக்கும்.

உண்ணி எங்கே ஒளிந்திருக்கும்? காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில், வால் அடியில் இருக்கும். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். முறுக்க வேண்டாம். விரலால் நசுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள்.

நாயின் மேல் உள்ள உண்ணியை மட்டும் எடுத்தால் போதாது. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி கீழே இறங்கிவிடும். சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாய் படுக்கும் இடத்தில் வெடிப்பைப் பூசுங்கள். சுண்ணாம்பு அடியுங்கள். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். உண்ணி மருந்து விஷம். எத்தனை சொட்டு, எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொறியும் புழுப்புண்ணும்

நாய் ஓயாமல் சொறிகிறது. காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டுகிறது. தோல் தடித்துச் சொரசொரப்பாகிறது. இதுதான் சொறி. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருகிறது. ஒரு வகைச் சொறி மனிதருக்கும் ஒட்டி அரிப்பைக் கொடுக்கும்.

சொறிக்குப் பழைய இன்ஜின் ஆயில் தடவும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு. நாய் தன் உடம்பை நக்கும். ஆயில் வயிற்றுக்குள் போகும். தோலும் வெந்துபோகும். சொறிக்கு இன்று நல்ல ஊசியும் மாத்திரையும் உண்டு. சில வாரங்களில் முடி மறுபடி முளைத்துவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை புழுப்புண். நாய்கள் சண்டை போட்டுக் காதில் சிறு காயம் ஆகும். ஈ வந்து முட்டை இடும். ஒன்றிரண்டு நாளில் காயத்துக்குள் புழு நெளியும். புழு சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். கெட்ட நாற்றம் வரும். நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும்.

காயம் சிறிதாக இருக்கும்போதே உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழு வைத்துவிட்டால் மிருக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்ற வேண்டாம். புழுவும் சாகும், நாயின் சதையும் வெந்துபோகும்.

வயிற்றுப் புழு

குட்டியின் வயிறு பானை போல் இருக்கிறது. முதுகெலும்பு தெரிகிறது. முடி மங்கிக் கிடக்கிறது. எவ்வளவு தின்றாலும் தேறவில்லை. இது வயிற்றுப் புழுவின் வேலை. தாய் நாயின் வயிற்றில் இருக்கும்போதே புழு குட்டிக்குள் போய்விடும்.

இதற்கு மருந்து எளிது, விலையும் குறைவு. குட்டி பிறந்த இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே முதல் தடவை கொடுக்க வேண்டும். மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு தடவை கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் சொல்வார். தாய்க்கும் சேர்த்தே கொடுங்கள்.

இந்தப் புழு குழந்தைகளுக்கும் ஆபத்து. நாய் மலம் கழித்த மண்ணில் முட்டை கிடக்கும். குழந்தை மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போகும். புழுக்குஞ்சு ஈரலுக்கும் கண்ணுக்கும் போய்ச் சேரலாம். பார்வைகூடக் கெடலாம். இன்னொரு வகைப் புழு ஈர மணலில் காத்திருக்கும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் நுழையும். தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடு போல ஊரும். கடற்கரையில் வேலை செய்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். கோடு கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாயின் மலத்தை அன்றாடம் அள்ளிக் குழியில் புதையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாதி நோய் அங்கேயே நின்றுவிடும்.

குட்டிகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல்

துள்ளி விளையாடிய குட்டி திடீரென்று வாந்தி எடுக்கிறது. பிறகு தண்ணீராகக் கழிகிறது. அதில் இரத்தம் கலந்திருக்கிறது. தாங்க முடியாத நாற்றம் அடிக்கிறது. இரண்டு நாளில் குட்டி துவண்டுவிடுகிறது. இதன் பெயர் பார்வோ நோய். இது பழைய நோய் அல்ல. 1978-ஆம் ஆண்டு வாக்கில்தான் உலகம் இதை அறிந்தது. சில ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கிருமியைக் கொல்ல மாத்திரை இல்லை. ஆனாலும் குட்டியைக் காப்பாற்றலாம். எப்படி? குட்டி சாவது பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றுவதால். உடனே கொண்டு போனால் டாக்டர் நரம்பு வழியாகக் குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றுவார். வாந்தியை நிறுத்த ஊசி போடுவார். நாலைந்து நாள் தாக்குப் பிடித்தால் குட்டி தானே எழுந்து நிற்கும். காலையில் பார்த்ததை மாலைவரை தள்ளிப்போடுவதில்தான் பல குட்டிகள் போய்விடுகின்றன.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து தரையைக் கழுவுங்கள். நோய் வந்த வீட்டுக்கு உடனே வேறு குட்டி கொண்டு வர வேண்டாம்.

டிஸ்டெம்பர் என்று இன்னொரு நோய் உண்டு. கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும். இருமல் வரும். பிறகு வலிப்பு வரும். கால் தானாகத் துடிக்கும். வந்தபின் காப்பாற்றுவது கடினம்.

இந்த இரண்டையும் தடுக்க ஒரே கூட்டு ஊசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் மறுபடி போட வேண்டும். நாலு மாதம் ஆகும்வரை தொடர வேண்டும். ஒரு ஊசி போட்டோம், போதும் என்று நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலில் வந்த பலம் முதல் ஊசியை மறைத்துவிடும். அதனால்தான் திரும்பவும் போடுகிறார்கள்.

மழையும் எலிக்காய்ச்சலும்

கேரளத்தில் எலிக்காய்ச்சலை அறியாதவர் இல்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெள்ளம் வடிந்த பிறகு அது பல மாவட்டங்களில் பரவியது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்து மனிதருக்கு வருகிறது. அதே தண்ணீரில் நடக்கும் நாய்க்கும் வருகிறது. நாய்க்கு வந்தால் காய்ச்சல், வாந்தி, மஞ்சள் கண், அடர்ந்த நிற மூத்திரம் ஆகியவை தெரியும். அந்த நாயின் மூத்திரத்திலும் கிருமி இருக்கும். அதைத் துடைக்கும் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கிருமி நமக்குள் வரும். ஆகவே கையுறை இல்லாமல் துடைக்க வேண்டாம்.

நாய்க்கு இதற்கும் தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் போட வேண்டும். சோற்றுத் தட்டை இரவில் வெளியே வைத்தால் எலி வரும். நாய் தின்று முடித்ததும் தட்டைக் கழுவி எடுத்து வையுங்கள்.

வெயில், தீனி, மாத்திரை

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஏப்ரல், மே மாத வெயிலில் சங்கிலியில் கட்டிப் போட்ட நாய் ஓடி ஒளிய முடியாது. நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் சுருண்டு விழும். அப்படி விழுந்தால் நிழலுக்குத் தூக்கி வாருங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். பிறகு டாக்டரிடம் கொண்டு போங்கள்.

சோறும் முள் நீக்கி வேகவைத்த மீனும் நாய்க்கு நல்ல தீனி. வெந்த கோழி எலும்பு கொடுக்காதீர்கள். அது ஊசி போலப் பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம்.

நாம் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு. ஈரலும் வயிறும் புண்ணாகி நாய் செத்துப்போகலாம்.

எல்லாவற்றிலும் கொடியது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வெறிநோய். ரேபிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். மலையாளத்தில் பேவிஷம் என்பார்கள். நாய்க்கு வந்தாலும் மனிதருக்கு வந்தாலும், நோயின் குறி தெரிந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாகக் கணக்கு. அவர்களில் 100-க்கு 99 பேருக்கு நோய் நாயிடமிருந்து வந்தது. இறப்பவர்களில் குழந்தைகள் அதிகம். குழந்தை குள்ளமாக இருப்பதால் கடி முகத்திலும் தலையிலும் படும். அடிப்பார்களோ என்று பயந்து கடித்ததைச் சொல்லாமலும் இருக்கும்.

வெறிநாயை எப்படி அறிவது? நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு துரத்தும் நாய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. கண்டதைக் கடிக்கும். கல்லையும் கட்டையையும் கடிக்கும். குரைக்கும் குரல் மாறிவிடும். எச்சில் ஒழுகும். வீட்டை விட்டு ஓடித் திரியும்.

இன்னொரு வகை ஊமை வெறி. இதில் நாய் யாரையும் துரத்தாது. இருட்டில் ஒதுங்கிப் படுக்கும். தாடை தொங்கிவிடும். விழுங்க முடியாது. பின்னங்கால் தள்ளாடும். பார்ப்பவர்கள் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று நினைப்பார்கள். இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுவார்கள். அங்கேதான் ஆபத்து. வெறிநோயின் கிருமி எச்சிலில் இருக்கிறது. தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயின் வாயில் யாரும் கை வைக்கக் கூடாது.

வெறிநாய் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்பதும் தவறான எண்ணம். தண்ணீர் பயம் மனிதருக்குத்தான் வரும். வெறிபிடித்த நாய் தண்ணீர் குடிக்க முயலும். ஆகவே தண்ணீர் குடித்தது, வெறி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

வெறிக்குறி தெரிந்த நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். அப்படி ஒரு நாய் இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மிருக ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே பாலோட்டில் மாநில விலங்கு நோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. நாயின் மூளையைச் சோதித்து நோயைச் சொல்வார்கள். அதனால்தான் தலையில் அடித்து நசுக்கக் கூடாது என்பார்கள்.

நாய் கடித்தால்

வீட்டு நாய் கடித்தாலும், தெரு நாய் கடித்தாலும், பூனை பிராண்டினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

முதலில் குழாய்த் தண்ணீரைத் திறந்து விடுங்கள். சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள். கழுவும் தண்ணீரே முதல் மருந்து.

பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் தடுப்பூசி கிடைக்கும். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3 நாள், 7 நாள், 28 நாள் கழித்து மறுபடி போடுவார்கள். கையில்தான் போடுவார்கள். பழைய காலத்தில் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஊசிக்குப் பயந்து ஓடத் தேவையில்லை.

இரத்தம் வரும்படி கடித்திருந்தால் ஊசி மட்டும் போதாது. ஊசி மருந்து உடம்பில் வேலை செய்யச் சில நாள் ஆகும். அதுவரை காவல் நிற்க இன்னொரு மருந்து உண்டு. இம்யூனோகுளோபுலின் என்பது அதன் பெயர். அதைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் 2022-ஆம் ஆண்டிலும் 2025-ஆம் ஆண்டிலும் சில குழந்தைகள் தடுப்பூசி தொடங்கிய பிறகும் இறந்தார்கள். நாடே துக்கப்பட்டது. ஊசியால் பயன் இல்லை என்று சிலர் பேசினார்கள். அப்படி அல்ல. முகம், தலை, கை ஆகிய இடங்களில் நரம்பு அதிகம். அங்கே கடி ஆழமாகப் பட்டால் கிருமி சீக்கிரம் நரம்பில் ஏறிவிடும். நரம்பில் ஏறியபின் மருந்து அதைப் பிடிப்பது கடினம். அதனால்தான் ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. உடனே கழுவி, உடனே மருந்து போட்டுக்கொண்ட ஏராளமானவர்கள் பிழைத்து வாழ்கிறார்கள்.

கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பாருங்கள்.

ஊரே சேர்ந்து தடுக்கலாம்

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். சிறுவன் பிழைத்தான். தென்னிந்தியாவில் 1907-ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. மருந்து கைக்கு வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் ஏன் மனிதர் சாக வேண்டும்?

மனிதருக்கு மட்டும் ஊசி போட்டால் நோய் ஒழியாது. நோய் தங்கியிருப்பது நாயிடம். ஒரு ஊரில் 100 நாய்க்கு 70 நாய் தடுப்பூசி போட்டிருந்தால், கிருமி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழி இல்லாமல் அணைந்துவிடும். கோவாவில் இதைச் செய்து காட்டினார்கள். ஆண்டுதோறும் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் ஊசி போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 2017-க்குப் பிறகு தொடர்ந்து சில ஆண்டுகள் அங்கே மனிதர் யாரும் வெறிநோயால் இறக்கவில்லை.

கேரள அரசும் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி தெரு நாய்களுக்கான பெரிய தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம் மாநகராட்சி, பேட்டையிலும் வண்டித்தடத்திலும் நாய்க் கருத்தடை மையங்கள் நடத்தியிருக்கிறது. காதின் நுனி வெட்டப்பட்ட தெரு நாயைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கு அது அடையாளம். ஆனால் ஊசியின் பலம் காலப்போக்கில் குறையும். அந்த நாய் கடித்தாலும் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

அடித்துக் கொன்றால் தொல்லை தீருமா? தீராது. தெருவில் குப்பை கிடக்கும்வரை வேறு நாய்கள் வந்து சேரும். அவை ஊசி போடாத நாய்களாக இருக்கும். மீன் கழிவையும் கோழிக் கழிவையும் தெருவில் கொட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விடாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது.

படிப்பு இங்கே கைகொடுக்கும்

வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஊசி போட்டதும் சான்று கொடுப்பார்கள். மாநகராட்சியில் நாய் வளர்க்க உரிமம் வாங்கவும் இந்தச் சான்று வேண்டும்.

சான்றை மடித்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எடுத்துப் படியுங்கள். ஊசி போட்ட தேதி எது? மருந்தின் பெயர் என்ன? அடுத்த தேதி எது? அடுத்த தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மருந்துக் குப்பியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். முன்பு இவற்றையெல்லாம் பிறரிடம் கேட்க வேண்டியிருந்தது. இன்று நீங்களே படிக்கலாம். படித்த எழுத்து ஓர் உயிரைக் காக்கும் என்றால் அதைவிடப் பெரிய பயன் வேறு என்ன?

குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தின்னும் நாயை, தூங்கும் நாயை, குட்டி போட்ட நாயைத் தொடக் கூடாது. துரத்தினால் ஓடாமல் அசையாமல் நிற்க வேண்டும். கடித்தாலும் பிராண்டினாலும் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். சொன்ன குழந்தையைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் தெருவில் எத்தனை வீட்டு நாய்கள் உண்டு? எத்தனை நாய்க்கு இந்த ஆண்டு ஊசி போட்டிருக்கிறது?

2. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மிருக ஆஸ்பத்திரி எது? எந்த நேரத்தில் திறந்திருக்கும்?

3. நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? செய்யக் கூடாதவை எவை?

4. தெருவில் கழிவு சேராமல் இருக்க நாலு வீடு சேர்ந்து என்ன செய்யலாம்?